மலை வீட்டுக்கு விறகு பீட்சா அடுப்பு: வாங்கும் முன் தளத்துக்குக் கீழே பாருங்கள்

கோத்தகிரியில் எங்கள் வீட்டுப் பின்கட்டில் இப்போது எரிவது இரண்டாவது அடுப்பு. முதல் அடுப்பை ஒன்றரை ஆண்டிலேயே இடிக்க நேர்ந்தது. பீட்சா அடுப்பு பற்றிக் கிடைக்கும் அறிவுரைகள் பெரும்பாலும் வெயில் காயும் ஊர்களை மனத்தில் வைத்துச் சொல்லப்படுபவை. மூடுபனி மாதக்கணக்கில் சுவரை நனைக்கும் மலையில், அடுப்பைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் நினைக்க வேண்டியது ஈரம்.

முதல் படி: வகையை முடிவு செய்தல்

எஃகுத் தகட்டால் ஆன சிறிய அடுப்பு 20 நிமிடத்தில் சூடேறிவிடும். ஆனால் அது சூட்டைத் தேக்கி வைக்காது. காற்று அடிக்கும் மேட்டு வீடுகளில் அதன் தீயை நிலையாக வைத்திருப்பதும் கடினம். களிமண்ணும் வைக்கோலும் குழைத்துக் கட்டும் அடுப்பு செலவு குறைந்தது. நல்ல கூரை இல்லாவிட்டால் ஒரு வடகிழக்குப் பருவமழையைக்கூட அது தாங்காது. தீச்செங்கல்லால் (கடும் சூட்டைத் தாங்கும் செங்கல்) கட்டிய குவிமாட அடுப்பு சூடேற ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் ஆகும். ஆனால் தீ அணைந்த பிறகும் பல மணி நேரம் அதில் ரொட்டி சுடலாம். வாரம் ஒரு முறையாவது பயன்படுத்துவோர் செங்கல் அடுப்பையே வாங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. எப்போதாவது பயன்படுத்துவோருக்கு எஃகு அடுப்பே நல்லது. ஏனெனில் குளிர்ந்து கிடக்கும் செங்கல் இங்கே ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும், ஒவ்வொரு முறையும் அதை முதலில் உலர்த்த வேண்டியிருக்கும்.

நால்வர் குடும்பத்துக்கு 80 செ.மீ. உள்விட்டம் போதும். வாயிலின் உயரம் குவிமாடத்தின் உள்ளுயரத்தில் ஏறத்தாழ 63 சதவீதமாக இருக்கட்டும், 40 செ.மீ. உயரக் குவிமாடத்துக்கு 25 செ.மீ. வாயில்.

இரண்டாம் படி: தளத்துக்குக் கீழே என்ன இருக்கிறது?

நான் தவறியது இங்கேதான். பீட்சா நன்றாக வேக, அதை வைத்துச் சுடும் அடுப்பின் தளம் 400 டிகிரி செல்சியசுக்கு அருகில் இருக்க வேண்டும். என் முதல் அடுப்பில் குவிமாடத்தின் கரி முழுவதும் எரிந்து செங்கல் வெளுத்துவிடும். பார்ப்பதற்கு அடுப்பு தயாராகத் தோன்றும். ஆனால் இரண்டாவது பீட்சாவிலேயே மேலே சீஸ் கருகும், அடியில் மாவு பச்சையாக இருக்கும். மாவில்தான் குறை என்று எண்ணிப் பல மாதங்கள் மாவையே மாற்றிக்கொண்டிருந்தேன். உண்மையில் தீச்செங்கற்களைக் கான்கிரீட்டின் மேல் நேரடியாகப் பதித்திருந்தார்கள். வெப்பம் முழுவதும் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. அந்தக் கான்கிரீட் மழைநீரில் ஊறியிருந்தது நிலைமையை இன்னும் மோசமாக்கியது. குளிர்ந்த நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரத் தேவைப்படும் வெப்பத்தைப்போல் ஐந்து மடங்குக்கும் மேல், அதே நீரை முழுவதும் ஆவியாக்கத் தேவைப்படும். என் விறகில் பெரும்பகுதி இப்படித் தண்ணீரை விரட்டுவதற்கே செலவாகியிருக்கிறது.

ஆகவே விற்பவரிடம் முதலில் கேட்க வேண்டியது தளத்தின் அடியில் உள்ள வெப்பக்காப்பைப் பற்றித்தான். குறைந்தது 5 செ.மீ. கால்சியம் சிலிகேட் பலகையோ, 10 செ.மீ. வெர்மிகுலைட் (வெப்பத்தைக் கடத்தாத இலேசான கனிமம்) கலந்த கான்கிரீட்டோ இருக்க வேண்டும். "மணல் போட்டிருக்கிறோம்" என்று பதில் வந்தால் அந்த அடுப்பு வேண்டாம். அடியிலுள்ள கான்கிரீட்டில் நீர் வடிய இரண்டு மூன்று துளைகள் இருப்பதும் இங்கே மிக அவசியம். குவிமாடத்தின் மேல் 5 முதல் 7.5 செ.மீ. செராமிக் ஃபைபர் போர்வை இருக்கட்டும். அதை வெட்டும்போது முகக்கவசம் அணியாமல் இருக்கக் கூடாது.

கட்டித் தரச் சொல்வதானால், தேயிலைத் தொழிற்சாலைகளில் தேயிலை உலர்த்தும் டிரையருக்கான விறகு உலைகளைக் கட்டிப் பழகிய கொத்தனாரைத் தேடுங்கள். சாதாரண சிமெண்ட் கலவை அந்தச் சூட்டில் உதிர்ந்துவிடும் என்பதை அவருக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை.

மூன்றாம் படி: பதப்படுத்துதல்

புதிய அடுப்பில் முதல் நாளே பெருந்தீ மூட்டினால் உள்ளிருக்கும் நீர் ஆவியாகிச் செங்கல்லைப் பிளக்கும். ஏழு நாள் சிறு தீ மூட்டுங்கள்: முதல் நாள் 100 டிகிரி, பிறகு நாளுக்கு 50 டிகிரி கூட்டிக்கொண்டே போகலாம். இதற்கு வறண்ட பிப்ரவரி, மார்ச் மாதங்களே ஏற்றவை. வெப்பமானி வாங்கும்போது அதன் உச்ச வரம்பைப் பாருங்கள். விலை குறைந்த அகச்சிவப்பு வெப்பமானிகள் பல 380 டிகிரியோடு நின்றுவிடும், நமக்கு 550 வரை காட்டுவது வேண்டும்.

விறகு

சீகை (வாட்டில்), கற்பூர மரம் (யூகலிப்டஸ்) இரண்டும் நன்றாக எரியும். ஆனால் ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். பிளந்த விறகைத் தரையில் படாமல், மேலே கூரையும் பக்கங்களில் காற்றோட்டமும் உள்ள இடத்தில் ஓராண்டு அடுக்கி வைக்கிறேன். என் விருப்பம், பழைய தோட்டத்தில் பிடுங்கிப்போட்ட தேயிலைக் கட்டை. கெட்டியானது, நின்று எரியும். சொந்த நிலத்து மரம்தானே என்று வெட்டிவிடாதீர்கள். 1955ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி பெற வேண்டும்.

பிற்சேர்க்கை: குன்னூர் வாசகர் ஒருவர், தார்ப்பாய் போட்டு இறுக மூடியும் அடுப்பு உள்ளே நனைகிறதே என்று கேட்டிருந்தார். தார்ப்பாய் மழையைத் தடுக்கும். செங்கல்லிலிருந்து வெளியேறும் ஈரத்தையும் சேர்த்தே தடுத்துவிடும். நான்கு கால் நட்டுச் சாய்வாக ஒரு தகரக் கூரை போடுங்கள், பக்கங்களைத் திறந்து விடுங்கள்.

இரண்டாவது பிற்சேர்க்கை: கொடைக்கானலிலிருந்து எழுதிய ஒருவர், குளிருக்காகக் கண்ணாடி அடைத்த தாழ்வாரத்தில் அடுப்பை வைக்க எண்ணியிருக்கிறார். தயவுசெய்து வேண்டாம். எரியும் விறகிலிருந்தும் தணலிலிருந்தும் வெளிவரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. மூடிய அறையில் அது உயிரைப் பறிக்கும். புகை அடங்கிய பிறகும் தணல் அதை வெளியிட்டுக்கொண்டேதான் இருக்கும். அடுப்பு வெளியில் இருக்கட்டும். வெந்த பீட்சாவை உள்ளே கொண்டுபோய்ச் சாப்பிடலாம்.