அமெரிக்காவில் துப்பாக்கி: மாநில எல்லையில் மாட்டிவிடும் தவறுகள்

பென்சில்வேனியாவில் முறையாக உரிமம் வாங்கி இடுப்பில் கைத்துப்பாக்கி வைத்திருப்பவர், டெலவேர் ஆற்றுப் பாலத்தைத் தாண்டி நியூ ஜெர்சிக்குள் கால் வைத்ததும் குற்றவாளி ஆகிவிடுகிறார். ஓட்டுநர் உரிமம் நாடு முழுக்கச் செல்லுபடியாவதுபோல இதுவும் செல்லும் என்று நினைப்பதுதான் மிகப் பரவலான தவறு. வேறெந்த மாநிலத்தின் உரிமத்தையும் நியூ ஜெர்சி ஏற்பதில்லை. அங்கே துப்பாக்கிக் குற்றங்களுக்குக் கட்டாயச் சிறை விதிக்கும் கிரேவ்ஸ் சட்டப்படி, பொதுவாக பரோலுக்கு முன் குறைந்தது 42 மாதம் உள்ளே இருக்க வேண்டும். வெளிமாநிலத்தார் தெரியாமல் கொண்டுவந்தால் அரசு வழக்கறிஞர் தளர்வு காட்டலாம். காட்டியே ஆக வேண்டும் என்பதில்லை. துப்பாக்கி தப்பினாலும், தோட்டாக்களை அடுக்கிச் செருகும் மேகசின் மாட்டிவிடும். அங்கே 10 தோட்டாதான் உச்சவரம்பு. பென்சில்வேனியாவில் சாதாரணமாக விற்கும் 15 தோட்டா மேகசின் அங்கே தனிக் குற்றம்.

"காரில் பூட்டி வைத்தால் மத்தியச் சட்டம் காப்பாற்றும்" என்பது பாதி உண்மை. 1986-ஆம் ஆண்டுச் சட்டம் வழிப்பயணத்துக்குப் பாதுகாப்பு தருகிறது. ஆனால் புறப்படும் இடம், போய்ச் சேரும் இடம் இரண்டிலும் அந்தத் துப்பாக்கியை வைத்திருக்கவும் எடுத்துச் செல்லவும் உங்களுக்கு உரிமை இருக்க வேண்டும். தோட்டாவைக் கழற்றி, துப்பாக்கி, தோட்டா இரண்டையும் கை எட்டாத டிக்கியில் வைக்க வேண்டும். எஸ்யூவி போல டிக்கி தனியாக இல்லாத வண்டி என்றால் பூட்டிய பெட்டி கட்டாயம். முன்சீட்டுக்கு எதிரே உள்ள குளோவ் பாக்ஸைப் பூட்டினாலும் கணக்கில் வராது.

நடுவழியில் தங்குவதில்தான் ஆபத்து. யூட்டாவிலிருந்து பென்சில்வேனியா போன ஒரு பயணி, நியூ ஜெர்சியின் நியூவார்க்கில் அடுத்த விமானத்தைத் தவறவிட்டார். விமான நிறுவனம் பையைத் திருப்பிக் கொடுத்தது. அதோடு ஓட்டலில் இரவு தங்கினார். மறுநாள் காலை கவுண்டரில் "உள்ளே துப்பாக்கி இருக்கிறது" என்று நேர்மையாகச் சொன்னார், கைதானார். ஓட்டலில் பை கைக்கெட்டும் தூரத்தில் இருந்ததால் மத்தியப் பாதுகாப்பு பொருந்தாது என்று 2010-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. இப்படிப் பை திரும்பி வந்தால் கையில் வாங்காமல் விமான நிலையக் காவலர்களை அழைப்பதுதான் புத்திசாலித்தனம்.

துப்பாக்கி ஏந்த உரிமமே தேவையில்லாத மாநிலங்களிலும் பள்ளம் உண்டு. 2024-இல் தென் கரோலினாவும் லூசியானாவும் சேர்ந்தபோது இந்தப் பட்டியல் 29 ஆனது. டெக்சாஸ் 2021 செப்டம்பரிலேயே சேர்ந்துவிட்டது. ஆனால் பள்ளியிலிருந்து 1,000 அடிக்குள் துப்பாக்கி கூடாது என்பது மத்தியச் சட்டம். அந்தப் பள்ளி இருக்கும் மாநிலமே கொடுத்த உரிமம் இருந்தால் விலக்கு உண்டு. இல்லையென்றால் தோட்டாவைக் கழற்றிப் பூட்டிய பெட்டியில் வைத்திருக்க வேண்டும். ஹூஸ்டனிலோ டாலஸிலோ அந்த 1,000 அடிக்குள் போகாமல் வண்டி ஓட்டிப் பாருங்கள்! கட்டாயம் இல்லாவிட்டாலும் டெக்சாஸ்வாசிகள் பலர் இன்றும் உரிமம் வாங்குவதற்கு இது ஒரு காரணம். இன்னொன்று, வேறு மாநிலங்கள் பலவும் அதை ஏற்கின்றன.

நம்மவர்கள் அதிகம் கோட்டைவிடுவது விசாவில். எச்-1பி, எச்-4, எல்-1, எஃப்-1 போன்ற தற்காலிக விசாவில் நுழைந்தவர் துப்பாக்கி மட்டுமல்ல, ஒரு தோட்டாகூட வைத்திருக்கக் கூடாது. மாநிலச் சட்டம் எவ்வளவு தாராளமாக இருந்தாலும் இதில் மாற்றமில்லை. "வாங்கவில்லையே, வார இறுதியில் துப்பாக்கி சுடும் ரேஞ்சில் வாடகைக்கு எடுத்து நாலு ரவுண்டு சுட்டேன்" என்பதும் கையில் வைத்திருந்ததாகவே கருதப்படும். தண்டனை 15 ஆண்டு வரை போகலாம். அதோடு கிரீன் கார்டு கனவும் போகும். விலக்குகளில் எளிதானது, ஏதாவது ஒரு மாநிலம் கொடுத்த நடப்பு வேட்டை உரிமம். அது காலாவதியான மறுநாள் வீட்டில் இருக்கும் துப்பாக்கியும் சட்டவிரோதமாகிவிடும், தேதியைக் குறித்துவைக்கப் பலர் மறக்கிறார்கள். வீட்டில் குடியுரிமை பெற்ற ஒருவர் துப்பாக்கி வைத்திருந்தால், பெட்டகத்தைத் திறக்கும் எண் விசாவில் இருப்பவருக்குத் தெரியாமல் இருப்பதே நல்லது. கிரீன் கார்டு வைத்திருப்பவருக்கு இந்தத் தடை இல்லை.

வாங்கும்போது: வேறு மாநிலக் கடையில் கைத்துப்பாக்கியைக் கையோடு வாங்கிவர முடியாது, உங்கள் ஊர் உரிமக் கடைக்கு அனுப்பச் சொல்லி அங்கே துப்பாக்கி வாங்குபவருக்கான மத்திய அரசின் 4473 படிவம் நிரப்ப வேண்டும். வேறு மாநில மச்சானுக்குத் தனிப்பட்ட முறையில் விற்றாலும் அவர் மாநிலத்துக் கடை வழியாகத்தான். அவர் பணத்தில் உங்கள் பெயரில் வாங்கித் தருவது, அவர் தகுதியுள்ளவராகவே இருந்தாலும், குற்றம். கஞ்சா உங்கள் மாநிலத்தில் சட்டப்படி கிடைத்தாலும் அதைப் பயன்படுத்துபவர் மத்தியச் சட்டப்படி துப்பாக்கி வாங்கத் தகுதியற்றவர் என்று படிவத்திலேயே எச்சரிக்கை இருக்கிறது. அதைப் படிக்காமல், பயன்படுத்துகிறீர்களா என்ற கேள்விக்கு 'இல்லை' என்று குறிப்பவர்கள் பொய் வாக்குமூலத்தில் சிக்குகிறார்கள்.

போலீஸ் வண்டியை நிறுத்தினால் மிச்சிகனில் துப்பாக்கி இருப்பதை உடனே நீங்களாகச் சொல்ல வேண்டும். ஒஹாயோவில் 2022 முதல் கேட்டால் சொன்னால் போதும். சட்டங்கள் பல மாநிலங்களில் ஜூலை 1-இலும் டெக்சாஸில் செப்டம்பர் 1-இலும் மாறுவது வழக்கம் என்பதால், எந்த மாநிலம் எந்த உரிமத்தை ஏற்கும் என்று காட்டும் போன வருடத்து வரைபடத்தை நம்பாமல், கிளம்பும் வாரத்தில் வழியிலுள்ள ஒவ்வொரு மாநிலக் காவல்துறையின் இணையதளத்தையும் பாருங்கள்.