குரோமைட் சுரங்கத்துல பணம் போடப் போறீங்களா, கிரேடை மட்டும் பாத்து ஏமாறாதீங்க

குரோமைட், அதாவது குரோமியம் எடுக்குற தாது, இருக்குற இடம் ஒண்ணு விலைக்கு வருதுன்னா மொதல்ல நீட்டுறது லேப் ரிப்போர்ட் தான், "குரோமிக் ஆக்சைடு 48 சதவீதம்"னு கிரேடை, அதாவது தாதுல எவ்ளோ சரக்கு இருக்குங்கறதை, பெருசா போட்டிருக்கும், நிறைய பேர் அங்கேயே கவுந்துடுறாங்க. சாம்பிள் எப்படி எடுத்தாங்கன்னு கேளுங்க. மேலாப்புல கெடக்குற நல்ல கல்லா பொறுக்கி அனுப்புனா எந்த இடமும் 48 காட்டும்.

கிரேடு நெசமாவே நல்லா இருந்தாலும் குரோமியம்-இரும்பு விகிதத்தைப் பாக்கணும். உருக்குறப்ப இரும்பும் சேந்து தான் ஃபெர்ரோகுரோம்ங்கற குரோமியம்-இரும்பு கலப்பு உலோகத்துக்குள்ள (அலாய்) போகும், விகிதம் கொறஞ்சா அலாய்ல குரோமியமும் கொறையும். தாது கட்டியா வருதா தூளா வருதாங்கறதும் முக்கியம், தூளை உருண்டையாக்கித் தான் ஃபர்னஸ்ல போடணும்னா அது தனி செலவு.

பெரிய அடி விழுறது, அடியில எத்தனை டன் தாது இருக்குன்னு போடுற கணக்குல தான். தென்னாப்பிரிக்கா புஷ்வெல்ட், ஜிம்பாப்வே கிரேட் டைக் எல்லாம் கிலோமீட்டர் கணக்குல அடுக்கடுக்கா ஓடுற தாது, அங்க சோதனைக்குப் போட்ட ரெண்டு துளைக்கு நடுவுல என்ன இருக்கும்னு ஓரளவு தைரியமா சொல்லலாம். துருக்கி, அல்பேனியா, ஓமன் பக்கம் கதையே வேற, திட்டுத்திட்டா ஒழுங்கில்லாம இருக்கும், ஒரு துளைல பத்து மீட்டர் தாது, கொஞ்சம் தள்ளிப் போட்டா வெறும் பாறை. இதுல போய் ரெண்டு துளையையும் கோடு போட்டு சேத்து டன் போடுறாங்க பாருங்க, அது கணக்கே இல்ல, ஆசை. ரிப்போர்ட்ல "இன்ஃபெர்டு"னு (கொஞ்ச ஆதாரத்தை வெச்சு ஊகிச்ச அளவு) இருக்கறதை ரிசர்வா (லாபமா தோண்டி எடுக்கலாம்னு காட்டுன அளவு) எண்ணாதீங்க, தாது இருப்பைக் கணக்குக் காட்டுறதுக்கான ஜோர்க் விதிப்படியே அதை ரிசர்வா மாத்த முடியாது.

விலை பத்தி ஒண்ணு. தென்னாப்பிரிக்கால, அதே புஷ்வெல்ட்ல இருக்குற யூஜி2ங்கற தாது அடுக்குல பிளாட்டினம் எடுக்குறவங்களுக்கு குரோமைட் கூடவே வர்ற சரக்கு, தோண்டுற செலவுல பெரும்பகுதியை பிளாட்டினமே தாங்கிடும், அதனால குரோமைட் விலை விழுந்தாலும் அவங்க நிறுத்த மாட்டாங்க. உங்க சுரங்கம் போட்டி போடுறது அவங்களோட, இன்னிக்கு விலையை வெச்சு பத்து வருஷத்துக்கு லாபம் போட்டா எப்படி?

அப்புறம் ரோடு. கனடா ஒன்டாரியோவோட ரிங் ஆஃப் ஃபயர்ங்கற பகுதில தாதுக்கு கொறை இல்ல, ஆனா வெளிய கொண்டுவர வழி இல்ல. கிளிஃப்ஸ்ங்கற அமெரிக்கச் சுரங்கக் கம்பெனி 2010ல உள்ள வந்து 2013ல வேலையை நிறுத்தி 2015ல, போட்டதுல சின்ன பங்குக்கு வித்துட்டுப் போச்சு. இவ்ளோ பெரிய கம்பெனிக்கே அந்த நெலமைன்னா, "ரோடு அரசாங்கம் போட்டுத் தரும்"னு பிரசன்டேஷன்ல ஒரு வரி இருந்தா அதுக்குக் கையெழுத்தான ஒப்பந்தம் இருக்கா, பணம் ஒதுக்கிட்டாங்களா, அந்த நெலத்து மக்கள் ஒத்துக்கிட்டாங்களான்னு பேப்பரோட கேளுங்க.