மணி அடிக்கும் முன்பே பலகையில் மூன்று கணக்கு

திருத்தணியில் 26 வருடமாக ஆறு முதல் எட்டு வரை கணக்கு நடத்துகிறேன். ஒவ்வொரு வருடமும் புதிதாக இரண்டு மூன்று ஆசிரியர்கள் பள்ளிக்கு வந்து சேருவார்கள். பாதிப் பேர் அரக்கோணம், ஆவடிப் பக்கமிருந்து மின்சார ரயிலில் வருகிறவர்கள். முதல் வாரம் முடிந்ததும் தொண்டை கட்டிப்போய் ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து, "அக்கா, ஏழாம் வகுப்பு பி பிரிவை எப்படி அடக்குறீங்க?" என்று கேட்பார்கள். நான் அடக்குவதில்லை. நான் உள்ளே நுழையும்போது அந்தப் பிள்ளைகளுக்கு வேலை ஏற்கெனவே தொடங்கியிருக்கும், அவ்வளவுதான். அதை எப்படிச் செய்வது என்றுதான் இங்கே எழுதுகிறேன்.

பிள்ளைகள் வருவதற்கு முன்பே ஒருநாள் வகுப்பறைக்குப் போய்க் கடைசி பெஞ்சில் உட்காருங்கள். நாலு மூலையிலும் உட்கார்ந்து பலகையைப் பாருங்கள். எங்கள் அறை ஒன்றில் காலை பத்து மணிக்கு ஜன்னல் வெயில் பலகையின் வலப்பக்கம் விழும். அங்கே எழுதினால் இடது வரிசைப் பிள்ளைகளுக்கு ஒன்றும் தெரியாது. தெரியாதவன் பக்கத்தில் இருப்பவனைக் கேட்பான், அவன் பதில் சொல்வான், நீங்கள் இருவரையும் திட்டுவீர்கள். தப்பு வெயிலுடையது.

அடுத்தது பெயர். மூன்றே நாளில் 42 பெயரும் தெரிந்திருக்க வேண்டும். நோட்டின் பின்பக்கத்தில் பெஞ்சுகளைக் கட்டம் போட்டு, பென்சிலால் பெயர் எழுதிக்கொள்ளுங்கள். "ஏய், அந்தப் பச்சைப் பை" என்று கூப்பிட்டால் வகுப்பே சிரிக்கும். அந்தச் சிரிப்பை அணைக்கப் பத்து நிமிடம் ஆகும்.

இப்போது மூன்று கணக்கு. முந்தைய நாளே பலகையின் ஓரத்தில் மூன்று சின்னக் கணக்குகள் எழுதி வைத்துவிடுவேன். முதல் கணக்கு எல்லாருக்கும் வரும், இரண்டாவது பாதிப் பேருக்கு வரும், மூன்றாவது கொஞ்சம் கடிக்கும். முதல் கணக்கு எல்லாருக்கும் வந்தே ஆக வேண்டும். அது வராத பிள்ளைதான் பக்கத்துப் பையனின் பேனா மூடியைக் கழற்றத் தொடங்கும். உட்கார்ந்ததும் நோட்டைத் திறக்க வேண்டும், கேள்வி கேட்கக் கூடாது, முடித்தவர்கள் பேனாவைக் கீழே வைக்க வேண்டும். இவ்வளவுதான் விதி. இதை ஒருநாள் சொன்னால் நிற்காது. முதல் இரண்டு வாரமும் பாடத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்து, இதையே பழக்குங்கள். பாடம் ஓடிப்போகாது. மின்சார ரயிலை நம்பி வருகிறவர்கள் பத்து இருபது கணக்கு அட்டைகளை அலமாரியில் போட்டு, சாவியைப் பக்கத்து வகுப்பு ஆசிரியரிடம் கொடுத்து வையுங்கள். வண்டி தாமதமானாலும் முதல் பீரியட் கலையாது.

ஜேக்கப் கூனின் என்ற அமெரிக்க உளவியலாளர் வகுப்பறைகளை வீடியோ எடுத்துப் பார்த்து, 1970இல் தன் முடிவுகளை வெளியிட்டார். குறும்பு நடந்த பிறகு கண்டிக்கும் விதத்தில், நன்றாக நடத்தும் ஆசிரியருக்கும் திணறும் ஆசிரியருக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. குறும்புக்கு முன்னால் செய்வதில்தான் வித்தியாசம் இருந்தது: முதுகிலும் கண் இருப்பதுபோல் வகுப்பைக் கவனிப்பது, ஒரு வேலையிலிருந்து அடுத்த வேலைக்குத் தடங்கல் இல்லாமல் நகர்த்துவது. எந்தப் பயிற்சியிலும் எனக்கு இதை யாரும் சொல்லவில்லை. நான் போன ஒரு பயிற்சியில் மூன்று நாளும் ஸ்லைடு பார்த்தோம், கடைசி நாள் போட்டோ எடுத்துக்கொண்டோம்.

ஒரு வேலைக்கும் அடுத்த வேலைக்கும் நடுவில் வரும் இடைவெளிகளை ஒருநாள் கடிகாரம் வைத்துப் பாருங்கள். நோட்டு கொடுப்பது, வாங்குவது, புத்தகம் எடுக்கச் சொல்வது. ஒரு பீரியடுக்கு மூன்று நிமிடம் வீணானால் எட்டுப் பீரியடுக்கு 24 நிமிடம். கல்வி உரிமைச் சட்டம் ஆறு முதல் எட்டாம் வகுப்புக்குச் சொல்லும் 220 வேலை நாளுக்குக் கணக்குப் போட்டால் 88 மணி நேரம். நாற்பது நிமிடப் பீரியடில் 132 பீரியட்! சத்தமெல்லாம் அந்த மூன்று நிமிடத்தில்தான் பிறக்கிறது. நோட்டுகளை வரிசை வரிசையாகப் பின்னாலிருந்து முன்னால் கடத்தச் சொல்லுங்கள், யாரும் எழுந்து வரக் கூடாது. பிள்ளைகளோடு பழக்குவதற்கு முன், மாலையில் காலி வகுப்பில் சக ஆசிரியர்கள் நாலைந்து பேரைப் பிள்ளைகளாக உட்காரவைத்து, அந்த உத்தரவை நீங்களே சொல்லிப் பாருங்கள். கூச்சமாகத்தான் இருக்கும். "எல்லாரும் நோட்டு எடுத்து, தேதி போட்டு, மார்ஜின் போட்டு, பக்கம் 34ஐத் திறந்து..." என்று ஒரே மூச்சில் நாலு வேலை சொல்கிறீர்கள் என்பது அப்போதுதான் காதில் விழும். ஒன்று சொல்லுங்கள், அது முடிந்ததும் அடுத்தது.

எங்கள் ஊருக்கே உள்ள ஒரு விஷயம், வெளியூரிலிருந்து வருகிறவர்கள் பெரும்பாலும் தவறாகப் புரிந்துகொள்வது. 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி ஆந்திராவிலிருந்து இந்தப் பக்கம் வந்தது. வீட்டுப் பேச்சு அதோடு சேர்ந்து வந்துவிடவில்லை. பள்ளிப்பட்டு, பொதட்டூர்பேட்டைத் தறிக் குடும்பங்கள், நகரியில் பாட்டி வீடு உள்ள பிள்ளைகள் என்று என் வகுப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு வீட்டில் தெலுங்குதான். போன வருடம் புதிதாக வந்த ஒரு தம்பி, ஒரு பையன் தன்னை "நீ சொல்லு சார்" என்றதற்காகத் தலைமையாசிரியர் வரை கொண்டுபோய்விட்டார். அந்தப் பையன் வீட்டில் தாத்தாவையும் 'நுவ்வு' என்றுதான் கூப்பிடுகிறான். அதை அப்படியே தமிழில் போட்டால் 'நீ'. அவனைத் திட்டாமல் "நீங்க சொல்லுங்க சார்" என்று மெதுவாகத் திருப்பிச் சொல்லிவிட்டு நகருங்கள், ஒரு மாதத்தில் சரியாகிவிடும். இன்னொரு பிள்ளை நோட்டை நீட்டி "சூடு, சூடு" என்கும். காய்ச்சலோ என்று நெற்றியைத் தொட வேண்டாம், தெலுங்கில் 'பார், பார்' என்கிறது.

கேள்வி கேட்டால் காத்திருங்கள். மேரி பட் ரோ என்ற ஆய்வாளர், ஆசிரியர்கள் கேள்விக்குப் பின் சராசரியாக ஒரு நொடி அளவே காத்திருக்கிறார்கள் என்றும், மூன்று நொடி காத்திருந்தால் பதில்கள் நீளமாகவும் அதிகப் பிள்ளைகளிடமிருந்தும் வருகின்றன என்றும் காட்டினார். தெலுங்கில் யோசித்துத் தமிழில் சொல்லும் பிள்ளைக்கு நான் ஐந்து நொடி கொடுப்பேன். மனசுக்குள் எண்ணிக்கொள்வேன். முதலில் தெலுங்கிலேயே சொல்லட்டும், விடை விடைதானே.

தண்டனை பற்றி. நான் சேர்ந்த முதல் வருடம், மதியம் தூங்கி விழுந்துகொண்டே இருந்த ஒரு பையனை "வெளியே நில்லு" என்றேன். நின்றான். திரும்பிப் பார்த்தபோது இல்லை. பதினோரு நாள் வரவே இல்லை. நானும் ஒழுங்காக வருகைப் பதிவேட்டில் ஆப்சென்ட் போட்டுக்கொண்டே இருந்தேன். பன்னிரண்டாம் நாள் அவன் அம்மா வந்து, "நீ வெளிய அனுப்பினா அவன் தறிக்குத்தானே போவான் டீச்சரம்மா? நீயே அனுப்பிட்டு நீயே வரலன்னு எழுதுற" என்றாள். நெசவுக்கு நூல் தார் சுற்ற ஆள் கிடைக்காத ஒரு தறிக் கொட்டகையில் அவனை அன்றே உட்கார வைத்திருந்தார்கள். அதற்குப் பிறகு யாரையும் நான் வாசலைத் தாண்டி அனுப்பியதில்லை. கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு அடியையும் மனதை நோகடிக்கும் தண்டனையையும் தடுக்கிறது. அது நடைமுறைக்கு வந்தது 2010 ஏப்ரலில். எனக்கு அந்த அம்மா பத்து வருடம் முன்னதாகவே சொல்லிவிட்டாள்.

அப்போ குறும்பு செய்தால் என்னதான் செய்வது? பேசிக்கொண்டே அந்தப் பெஞ்சுப் பக்கம் நடந்துபோய் நில்லுங்கள். பெரும்பாலும் அதுவே போதும். போதாவிட்டால் குனிந்து, அவனுக்கு மட்டும் கேட்கும்படி, "இரண்டாவது கணக்கு எங்கே நின்னுது?" என்று கேளுங்கள். "ஏன் பேசினே?" என்று கேட்காதீர்கள், அதற்குப் பதில் கிடையாது. அதற்கும் மசியவில்லை என்றால் பீரியட் முடிந்தபின் இரண்டு நிமிடம், தனியாக. நாற்பது பேர் பார்க்க ஒரு பன்னிரண்டு வயதுப் பையனோடு வாதம் செய்தால் அவன் தோற்க மாட்டான்.

சத்தத்தைக் குறைக்கக் கை தட்டுவது நல்லதுதான். நான் இரண்டு தட்டுவேன், அவர்கள் மூன்று தட்டிவிட்டு நிறுத்துவார்கள். ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறைக்கு மேல் போனால் அதுவும் இன்னொரு சத்தமாகிவிடும்.

ஆடிக் கிருத்திகை வாரத்தில் புதுப் பாடம் தொடங்காதீர்கள். ஊரே காவடிக்குப் போய்விடும், வருகிற பதினைந்து பேரும் மொட்டைத் தலையோடு தூங்கி வழிவார்கள். அந்த நாட்களை வாய்ப்பாட்டு விளையாட்டுக்கு விடுங்கள்.

மாலை மணி அடித்ததும் ரயிலுக்கு ஓடாதீர்கள், ஐந்து நிமிடம் இருங்கள். பலகையைத் துடைத்துவிட்டு, வெயில் விழாத இடது ஓரத்தில் நாளைக்கான மூன்று கணக்கை எழுதிவிட்டுப் போங்கள். முதல் கணக்கு எல்லாருக்கும் வருமா என்று மட்டும் இன்னொரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.