அரசாங்கத்தைப் பகிடி பண்ணி எழுதுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொழும்பில் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைப் பக்கமிருந்து நையாண்டி எழுதத் தொடங்கும் பிள்ளைகள், ஒருக்கால் பாருங்கள் என்று கொண்டுவந்து தருவார்கள். எழுத்துப்பிழை, நீளம் பற்றியெல்லாம் இங்கே பேசப்போவதில்லை.

இருப்பதை விட்டுவிட்டு இட்டுக்கட்டுவது

இன்னும் எனக்கு எரிச்சல் வருவது இதில்தான். ஒரு தம்பி அம்பாந்தோட்டைப் பக்கத்து மத்தள விமான நிலையத்தைப் பற்றி எழுதியிருந்தார். யானைகள் வரிசையில் நின்று பாஸ்போட் காட்டுகின்றனவாம். சிரிப்பே வரவில்லை. வருஷத்துக்கு 10 லட்சம் பயணிகளுக்கென்று கட்டி 2013 மார்ச்சில் திறந்த இடம் அது. விமானம் வராததால் 2015இல் அங்கே நெல்லைக் கொண்டுபோய் அடுக்கினார்கள். 2016இல் சுற்றித் திரிந்த காட்டு விலங்குகளைக் கலைக்க 300க்கு மேற்பட்ட படையினரும் பொலிஸாரும் பட்டாசோடு இறங்கினார்கள். இதற்கு மேல் யானைக்கு எதற்கு ஐயா பாஸ்போட்?

பெருப்பித்தால் இன்னொரு நட்டமும் உண்டு. ராஜகிரியவில் விவசாய அமைச்சுக்கென்று மாதம் 2 கோடி ரூபாவுக்கு மேல் வாடகை பேசி எடுத்த கட்டடம் மாதக்கணக்கில் ஆளில்லாமல் கிடந்தது. இதைச் சுற்றறிக்கை எழுதுவதுபோல முகத்தில் ஒன்றும் காட்டாமல் எழுதினாலே போதும். நீங்கள் 4 கோடி என்று ஏற்றிவிட்டால் மறுப்பறிக்கை வரும், பிறகு பேச்செல்லாம் அந்தக் கூடுதல் 2 கோடியைப் பற்றித்தான், வெறுங்கட்டடத்துக்குக் கட்டிய வாடகையை ஒருவரும் கேட்கமாட்டார்கள்.

சரி, சரக்குக்கு எங்கே போவது? கணக்காய்வாளர் நாயகத்தின் அறிக்கைகளை வாசியுங்கள், எழுதியவர் கொஞ்சமும் சிரிக்காமல் எழுதியிருப்பார், ருசியே அதில்தான். அரச நிறுவனங்களின் கணக்கைக் கிளறும் பாராளுமன்றக் குழுவான கோப் குழுவின் விசாரணைகளையும் விடாதீர்கள். அதுவும் போதாவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேளுங்கள். தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்லவேண்டும். சில நேரம் மறுப்புக் கடிதமே ஒரு கட்டுரைக்குத் தேறும்.

பியோனுக்கு அடிப்பது

வேண்டாம். கையெழுத்துப் போடுகிறவர் மேல்மாடியில் இருக்கிறார்.

பாட்டன் காலத்துப் பகிடி

கவுண்டரில் தூங்கும் கிளார்க், முடியாத தேநீர் இடைவேளை. போதும், விடுங்கள். அரச கந்தோர்கள் நிறைந்த பத்தரமுல்லைக்குப் போய்ச் சுவரில் என்ன ஒட்டியிருக்கிறது என்று பாருங்கள். ஒன்லைனில் நிரப்பிய விண்ணப்பத்தை அச்செடுத்து இரண்டு பிரதியோடு வரச்சொல்லும் அறிவித்தலை ஒரு கந்தோரில் கண்டேன், பக்கத்திலேயே ‘கடதாசியைச் சிக்கனமாகப் பாவிப்போம்’ என்று இன்னொன்று, இரண்டும் கலர் பிரிண்ட்.

ஆட்சி மாறினால் பேனாவை மூடுவது

அப்படியென்றால் கட்சி நோட்டீஸே எழுதலாம், காசாவது கிடைக்கும்.