கன்னியாவில் பிள்ளைகள் கேட்ட கேள்வி: ஆர்.என்.ஏ. பற்றி விடக்கூடாத தவறுகள்

உயர்தரப் பிள்ளைகளைத் திருகோணமலைக்குப் பக்கத்திலுள்ள கன்னியா வெந்நீரூற்றுக்குக் கூட்டிப் போனால், ஏழு கிணற்றிலும் அள்ளிக் குளித்துவிட்டு ஈரத்தலையோடு யாராவது கட்டாயம் கேட்பார்கள்: "சேர், உயிர் இப்படியான சுடுதண்ணியிலதானே உண்டானது?"

நல்ல கேள்வி. ஆனால் சூடு ஆக்கும் என்று மட்டும் எண்ணுவது தவறு, அது அழிக்கவும் செய்யும். உயிரின் தொடக்கத்தில் இருந்திருக்கும் என்று பல ஆய்வாளர்கள் கருதுவது ஆர்.என்.ஏ., அதாவது மரபுச் செய்தியைத் தாங்கும் சங்கிலி மூலக்கூறு. அதில் உள்ள றைபோசு வெல்லம் 100 பாகை நடுநிலை நீரில் 73 நிமிடத்தில் பாதியாகிவிடும் என்று அமெரிக்க இரசாயனவியலாளர் ஸ்ரான்லி மில்லரின் குழு 1995இல் கணித்தது. 0 பாகையிலோ அதற்கு 44 ஆண்டு.

அதே மில்லர் 1953இல் வாயுக் கலவையில் மின்பொறி பாய்ச்சிச் செய்த சோதனையில் ஆர்.என்.ஏ. வந்தது என்று விடைத்தாளில் எழுதாதீர்கள். வந்தவை அமினோ அமிலங்கள், அதாவது புரதத்தின் துண்டுகள். ஐதரசன் சயனைட்டை நஞ்சு என்று ஒதுக்கிவிடவும் வேண்டாம். அது நம் கலங்களின் சுவாசத்தை நிறுத்துவதால்தான் நமக்கு நஞ்சு; சுவாசிக்க எந்த உயிரும் இல்லாத பூமியில் அது மூலப்பொருள். ஐந்து ஐதரசன் சயனைட்டு மூலக்கூறுகளின் அணுக்களைச் சேர்த்தால் சரியாக ஓர் அடினின், அதாவது ஆர்.என்.ஏ.யில் உள்ள நான்கு நைதரசன் காரங்களில் ஒன்று. யுவான் ஓரோ 1960இல் செய்து காட்டியது இதைத்தான்.

எனக்கு மிகவும் கவலை தருகிற தவறு வேறு. புத்தகத்தில் ஆர்.என்.ஏ. சங்கிலியின் ஒரு கண்ணியான நியூக்கிளியோரைட்டைக் காரம், வெல்லம், பொசுபேற்று என்று மூன்று துண்டாக வரைந்திருப்பதைப் பார்த்து, இயற்கையும் அப்படித் தனித்தனியே செய்து ஒட்டியது என்று நினைத்துவிடுகிறார்கள். ஆய்வாளர்களும் பல ஆண்டுகள் அந்த வழியில்தான் முயன்றார்கள். சைற்றோசின் என்ற காரமும் றைபோசும் நீரில் ஒட்டவே இல்லை. 2009இல் மான்செஸ்டரில் பௌனர், ஜெர்லாண்ட், சதர்லாண்ட் மூவரும் வழியையே மாற்றினார்கள். சயனமைட்டு, கிளைக்கோலல்டிகைட்டு என்ற இரண்டு சிறிய சேர்வைகள் சேர்ந்து பாதி வெல்லம், பாதி காரமாக ஓர் இடைப்பொருள் வந்தது. அதன்மேல் மற்றவை வளர்ந்தன. கடைசியில் ஒட்டவேண்டியது என்று நாம் நினைத்த பொசுபேற்று, முதற்படியிலேயே உடனிருந்து தாக்கத்தை நெறிப்படுத்தியது. மாவையும் தேங்காய்ப்பூவையும் தனித்தனியே அவித்துப் பிறகு கலந்தால் புட்டு ஆகுமா? ஒரே குழலில் சேர்ந்து அவிய வேண்டும்.

சரி, நியூக்கிளியோரைட்டு கிடைத்துவிட்டால் உயிர் வந்துவிடுமா? வராது. அவை சங்கிலியாக வேண்டும். ஒவ்வொரு பிணைப்பிலும் ஒரு நீர் மூலக்கூறு வெளியேற வேண்டும், சுற்றிலும் நீர் நிறைந்திருந்தால் அது நடப்பது கடினம். அதனால்தான் நனைந்து காயும் குட்டைகளை ஆய்வாளர்கள் இவ்வளவு தேடுகிறார்கள். கன்னியா முடிந்ததும் இப்போது பிள்ளைகளை நிலாவெளி உப்பளப் பக்கமும் கூட்டிப் போகிறேன். அங்கே பாத்தியில் நீர் வற்ற வற்ற, கரைந்திருந்தது செறிந்து ஓரத்தில் படிவதை அவர்களே கையால் தொட்டுப் பார்க்கலாம்.