மோட்டார்ஹோமில் முள் கால் டேங்க் காட்டினால் உள்ளே உண்மையில் எவ்வளவு இருக்கும்?

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஐ-70 நெடுஞ்சாலையில் கிரீன் ரிவர் என்ற சின்ன ஊரைத் தாண்டி மேற்கே போனால், சலைனா வரும் வரை சுமார் 110 மைலுக்கு ஒரு பங்க்கூடக் கிடையாது. அதற்கு போர்டே வைத்திருக்கிறார்கள். அங்கே வரும்போது எங்கள் மோட்டார்ஹோமின் (படுக்கை, சமையலறையோடு ஓடும் வீட்டு வண்டி) பெட்ரோல் முள் கால் டேங்கில் நின்றது. 55 கேலன் டேங்க் (ஒரு அமெரிக்க கேலன் சுமார் 3.8 லிட்டர்), அதில் கால் என்றால் கிட்டத்தட்ட 14 கேலன், கேலனுக்கு 8 மைல், ஆக 110 மைல் எப்படியோ ஒப்பேற்றிவிடலாம் என்று நான் மனக்கணக்குப் போட்டுக்கொண்டிருக்க, "எதுக்குங்க வம்பு, போட்டுட்டே போயிடலாம்" என்றாள் மனைவி. போட்டோம். 46 கேலன் பிடித்தது! அதாவது மிச்சம் இருந்தது 9 கேலன்தான். ஏற்றமும் எதிர்காற்றும் உள்ள அந்தப் பாதையில் 65 மைல் தாண்டுவதே சந்தேகம், பாதி வழியில் பாறைகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம்.

அந்த முள் கெட்டுப்போகவில்லை, அதன் பிழைப்பே அப்படித்தான். டேங்குக்குள் ஒரு மிதவை, அதைத் தாங்கும் கம்பி, கம்பி ஏறி இறங்குவதற்கேற்ப மாறும் ஒரு மின்தடை, அவ்வளவுதான் சமாச்சாரம். அது அளப்பது பெட்ரோலின் உயரத்தை, அளவை அல்ல. மோட்டார்ஹோமின் டேங்க் நீளமாகத் தட்டையாக இருப்பதால் உயரத்தில் ஒரு அங்குலம் பிசகினாலே பல கேலன் கணக்கு மாறிவிடும். வண்டி சரிவில் நின்றால் முள் ஒன்று சொல்லும், சமதரையில் வேறொன்று சொல்லும். மிதவை உச்சியில் முட்டிக்கொண்டு நிற்பதால் முதல் 80, 90 மைலுக்கு முள் அசையாது, "அட, நல்ல மைலேஜ் தருதே" என்று நாமும் ஏமாந்துபோவோம். அப்புறம் பாதிக்குக் கீழே வந்ததும் சரசரவென்று இறங்கும்.

சரி, என்ன செய்யலாம்? டேஷ்போர்டில் ஒரு சின்ன நோட்டுப் புத்தகம் வையுங்கள். செயலிகளும் இருக்கின்றன, ஆனால் பங்க்கில் ஒரு கையில் குழாயோடு நிற்கும்போது பேனாதான் எனக்கு வசதி. டேங்கை நிரப்பி, குழாய் முதல் தடவை 'டக்' என்று நின்றதும் விட்டுவிடுங்கள், மேலே மேலே அமுக்கித் திணிக்க வேண்டாம். ட்ரிப் மீட்டரைப் பூஜ்யமாக்குங்கள். அடுத்த முறை நிரப்பும்போதும் அதே முதல் 'டக்'. ஓடிய மைலை இப்போது பிடித்த கேலனால் வகுத்தால் மைலேஜ். கூடவே இன்னொன்றையும் எழுதுங்கள், இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்: போடுவதற்கு முன் முள் எங்கே இருந்தது, எத்தனை கேலன் பிடித்தது. நாலைந்து முறை எழுதினால் உங்கள் முள்ளின் குணம் பிடிபட்டுவிடும். என் வண்டியில் 'பாதி' என்றால் மிச்சம் 24 கேலன், 'கால்' என்றால் 9 அல்லது 10.

அமெரிக்க பங்க்குகளில் ஒரு பொறி உண்டு. கார்டு தேய்த்துப் போட்டால் 100 டாலர், 150 டாலர் என்று ஏதாவது ஒரு வரம்பில் பம்ப் தானாகவே நின்றுவிடும். அதை டேங்க் நிரம்பிவிட்டது என்று நினைத்துக் கிளம்பினால் உங்கள் கணக்கு மொத்தமும் கோணல். திரும்பவும் தேய்த்து நிரப்பி, இரண்டு ரசீதையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

அடுத்தது, வண்டிக்குள் ஏசி போன்றவற்றுக்கு மின்சாரம் தரும் ஜெனரேட்டர். பெட்ரோல் மோட்டார்ஹோம்களில் அது பெரும்பாலும் அதே டேங்கிலிருந்துதான் குடிக்கிறது, ஏசி ஓடினால் மணிக்கு அரை கேலன் என்று வைத்துக்கொள்ளலாம். 312 மைல் ஓடி 38.6 கேலன் பிடித்தது என்றால் மைலேஜ் 8.1. ஆனால் நடுவில் இரவு 4 மணி நேரம் ஜெனரேட்டர் ஓடியிருந்தால் 2 கேலனைக் கழித்துப் பாருங்கள், சாலையில் கிடைத்தது 8.5. அதனால் ஜெனரேட்டரின் மணி மீட்டரையும் அதே வரியில் குறித்து வையுங்கள். ஜெனரேட்டருக்கான குழாயை டேங்கின் அடிவரை விடாமல் கால் டேங்க் அளவிலேயே நிறுத்திவிடுவது வழக்கம், நீங்கள் காட்டில் மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்காக. ஆகவே ஜெனரேட்டர் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுபோனால், முள் என்ன காட்டினாலும் சரி, முதலில் பெட்ரோலைச் சந்தேகப்படுங்கள்.

ஒரு டேங்க்கை வைத்து முடிவுக்கு வராதீர்கள். பம்ப்புக்குப் பம்ப் அந்த 'டக்' கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். நாலைந்து டேங்க்கின் மைல்களைக் கூட்டி, கேலன்களைக் கூட்டி, அப்புறம் வகுங்கள். ஒவ்வொரு மைலேஜாகக் கூட்டிச் சராசரி எடுப்பது தப்பு. ஓடோமீட்டரையும் ஒரு தடவை சோதித்துவிடுங்கள், டயர் அளவு மாறியிருந்தால் அதுவும் பொய் சொல்லும். ஐ-70 போன்ற இன்டர்ஸ்டேட் நெடுஞ்சாலைகளில் மைல் கற்கள் வரிசையாக எண் போட்டு நிற்கின்றனவே, பத்து கல்லுக்கு ட்ரிப் மீட்டர் எவ்வளவு காட்டுகிறது என்று பார்த்தால் போதும்.

பயணத் திட்டத்துக்கு மட்டும் சராசரியை எடுக்காதீர்கள். நோட்டில் இருப்பதிலேயே மோசமான மைலேஜ் எதுவோ, அதை எடுங்கள். எனக்கு அது 6.9, எதிர்காற்றில் 70 மைல் வேகத்தில் போன நாள். ஓட்டுவதற்கு 40 கேலன் என்று வைத்துக்கொண்டால் 276 மைல். நான் 250-லேயே பங்க் தேட ஆரம்பித்துவிடுவேன். கடைசிச் சொட்டு வரை ஓட்டிப் பார்க்கும் ஆசை வேண்டாம், டேங்குக்குள் இருக்கும் பம்ப்பைக் குளிர்விப்பதே அந்தப் பெட்ரோல்தான்.

வாடகை வண்டி என்றால் சாவி வாங்கும்போது முள், ஓடோமீட்டர், ஜெனரேட்டர் மீட்டர் மூன்றையும் சமதரையில் வைத்து போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், திருப்பிக் கொடுக்கும்போதும் அதேபோல.