நாலு பேர், மூணு பாட்டில்: சிங்கிள் மால்ட்டை மோந்து குடிக்கும் முறை

சிங்கிள் மால்ட் விஸ்கிக்கு நீங்க கொடுக்கிற காசு பெரும்பாலும் மூக்குக்குத்தான். சோடாவை ஊத்தி, மிளகாய்ப்பொடி அப்பின சிக்கனைக் கடிச்சுக்கிட்டு அதை உள்ளே தள்ளினாலும் போதை ஏறும். அந்தப் போதை கால்வாசி விலைச் சரக்கிலேயே கிடைக்குமே, எதுக்கு வீண் செலவு? நான் சொல்லப்போறது வேற மாதிரி சாயங்காலம். நாலஞ்சு பேர், மூணு பாட்டில், ஆளுக்கு மொத்தம் 45 மில்லி. பாளையங்கோட்டையில் மருந்துக் கம்பெனி ரெப்பா அலையுற ஆள் நான். அதனால இதுக்கான தட்டுமுட்டுச் சாமான் எல்லாமே மெடிக்கல் ஷாப் சங்கதியாத்தான் இருக்கும்.

முதல்ல பாட்டில். ஒரே டிஸ்டிலரியில், அதாவது சரக்கு வடிக்கிற ஆலையில், முளைகட்டின பார்லியை மட்டும் ஊறவெச்சுப் புளிக்கவிட்டு, செம்புக் கலத்தில் வடிச்சு, ஸ்காட்லாந்திலேயே ஓக் பீப்பாயில் குறைஞ்சது 3 வருஷம் கிடந்தாத்தான் அது சிங்கிள் மால்ட் ஸ்காட்ச். ஆல்கஹால் 40 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. இதெல்லாம் அவங்க ஊர் 2009-ஆம் வருஷச் சட்டம். லேபிளில் 12-ன்னு போட்டிருந்தா, உள்ளே இருக்கிறதில் ஆக இளசான சரக்குக்கு வயசு 12.

18 வருஷம், 21 வருஷம்னு ஒத்தைப் பாட்டிலில் காசைக் கொட்டாதீங்க. ஒண்ணை மட்டும் மோந்தா ‘நல்லாருக்கு’ன்னு சொல்லத்தான் தெரியும். பக்கத்தில் இன்னொண்ணு இருந்தாத்தான் வித்தியாசம் பிடிபடும். என் கணக்குக்கு க்ளென்லிவெட் 12, க்ளென்ஃபிடிக் 12 ரெண்டில் ஏதாவது ஒண்ணு. ரெண்டுமே ஸ்காட்லாந்தில் ஸ்பேசைடு பக்கத்துச் சரக்கு, லேசானது, பழவாசம். ரெண்டாவது அங்கேயே ஹைலேண்டுங்கிற மலைப்பக்கத்து க்ளென்மொராஞ்சி. அமெரிக்க பர்பன் விஸ்கி இருந்த பீப்பாயில் வளர்ந்தது, வனிலாவும் ஆரஞ்சுத் தோலும் தெரியும். மூணாவதா ஐலா தீவிலிருந்து லஃப்ராய்க் 10. இது புகைவாசச் சரக்கு. மூணுக்கும் ஆளாளுக்குப் பங்கு போட்டுக்கோங்க, ஒருத்தர் தலையில் கட்ட வேண்டாம்.

விலை ஏன் இப்படின்னா, 2025-ல் இறக்குமதி வரியே 150 சதவீதமா இருந்தது. 2025 ஜூலையில் பிரிட்டனோட போட்ட ஒப்பந்தப்படி அது 75 ஆகி, பத்து வருஷத்தில் 40-க்கு இறங்கணும். டாஸ்மாக் எலைட் கடை விலைப்பலகையில் அது எப்போ தெரியுமோ, பொறுத்துத்தான் பார்க்கணும். துபாயிலிருந்து திருவனந்தபுரத்தில் வந்து இறங்குற மச்சான் இருந்தா டூட்டி ஃப்ரீயில் 2 லிட்டர் வரை வாங்கிட்டு வரலாம். பில்லைக் கிழிச்சுப் போடாம வெச்சிருக்கச் சொல்லுங்க.

மூணில் ஒண்ணை மாத்தி நம்ம நாட்டு மால்ட் வெச்சாலும் நல்ல வேடிக்கை. பெங்களூர் அம்ருத் 2004-ல் கிளாஸ்கோவிலேயே போய் அறிமுகமான சரக்கு. ஸ்காட்லாந்துப் பீப்பாயில் வருஷத்துக்கு ரெண்டு சதவீதம் போல ஆவியாப் போகும், பெங்களூரில் பத்துக்கும் மேல. அந்தச் சூட்டில் நாலஞ்சு வருஷத்திலேயே மரத்தோட சாரம் நல்லா இறங்கிடும்.

இனி நம்ம ஊர்ப் பிரச்சினைக்கு வாரேன். விஸ்கிப் புத்தகங்களில் ரூம் டெம்பரேச்சர்னு எழுதியிருப்பான். அது ஸ்காட்லாந்து ரூம், 20 டிகிரிக்குப் பக்கம். சித்திரை வெயிலில் பாளையங்கோட்டை மாடி ரூம் 36 காட்டும். அந்தச் சூட்டில் கிளாஸிலிருந்து முதல்ல எழும்புறது ஸ்பிரிட் நெடிதான், மூக்கு எரிஞ்சிரும். அதனால ஆனி, ஆடிச் சாரலில் தென்காசி, இலஞ்சிப் பக்கம் யார் வீட்டிலாவது கூடுறது உத்தமம். வெயில் காலத்தில்தான் ஆசை வந்துதுன்னா ஏசி போடுங்க, இல்லேன்னா பாட்டிலைக் கால்மணி நேரம் ஃபிரிட்ஜில் வெச்சு எடுங்க. ஐஸ் மட்டும் வேண்டாம். ரொம்பக் குளிர்ந்தா வாசனை அடங்கிப் போயிரும்.

வாசனையைக் கெடுக்கிற சாமான் நம்ம வீடுகளில் நிறைய. கொசுவத்தி, ஊதுபத்தி, சாம்பிராணி, சாமி படத்துக்குப் போட்ட பிச்சிப்பூ, ஒருத்தன் அப்பிட்டு வந்த பவுடர், செண்டு. எல்லாத்தையும் அடுத்த அறைக்கு அனுப்பணும். கிளாஸைச் சோப்புப் போடாம வெந்நீரில் அலசிக் கவிழ்த்துடுங்க. அடி அகலமா, வாய் குறுகலா இருக்கணும். வைன் கிளாஸ் போதும். எவர்சில்வர் டம்ளர் கூடவே கூடாது.

அளவுக்கு இருமல் சிரப்பு பாட்டில் மேல வர்ற பிளாஸ்டிக் மூடியை நல்லாக் கழுவி வெச்சுக்கோங்க, மில்லிக் கோடு போட்டிருக்கும். தண்ணிக்குப் புது இங்க் ஃபில்லர். ஊத்துற வேலை குடிக்காத ஆளுக்கு. எங்க செட்டில் குடிக்காத அண்ணாச்சி ஒருத்தர் உண்டு. பாட்டிலைத் தினத்தந்தியில் சுத்தி 1, 2, 3-ன்னு எழுதி, எது எதுன்னு கடைசி வரைக்கும் வாயைத் திறக்க மாட்டார். வீட்டுக்குக் காரை ஓட்டுறதும் அவரே. புகை மட்டும் கடைசி நம்பரா இருக்கணும்னு அவர்கிட்ட முன்கூட்டியே சொல்லிடுங்க. அது முந்திட்டா மத்த ரெண்டிலும் புகைதான் தெரியும்.

ஒவ்வொரு பாட்டிலிலும் ஆளுக்கு 15 மில்லி. நிறத்தைப் பார்த்து மயங்காதீங்க, நிறத்துக்குக் கேரமல் சேர்க்கச் சட்டத்திலேயே இடம் இருக்கு. கிளாஸை நாடிக்கு நேரே பிடிச்சு, வாயை லேசாத் திறந்துக்கிட்டு மெல்ல மேல கொண்டு வாங்க. மல்லிகைச் செண்டை மோக்குற மாதிரி உள்ளே மூக்கை நுழைச்சா செத்தான். ஒரு நாசி, அடுத்த நாசி, கொஞ்சம் ஓய்வு, மறுபடி. தோணினதைத் துண்டுச் சீட்டில் எழுதுங்க. எழுதி முடிக்கிற வரைக்கும் யாரும் பேசக் கூடாது. ஒருத்தன் ‘அன்னாசி’ன்னுட்டா அத்தனை மூக்கும் அன்னாசிப் பின்னாலயே போயிரும். பேரிக்காய், ஹீதர்ங்கிற அவங்க ஊர்ப் பூவோட தேன்னு வெள்ளைக்காரன் எழுதினதை மனப்பாடம் பண்ணி எழுதவும் வேண்டாம். நுங்கு, பழுத்த மட்டிப்பழம், புதுக் கதவு மரம், எது தோணுதோ அது.

அப்புறம் ஒரு சொட்டு நாக்கில். முதல் மடக்கு எரியும், அதைக் கணக்கில் எடுக்காதீங்க. ரெண்டாவதை வாய் பூராவும் உருட்டி, பத்து எண்ணிட்டு முழுங்கி, மூக்கு வழியா மூச்சை விடுங்க. பாதி ருசி அந்த மூச்சில்தான் இருக்கு.

இப்போ ஃபில்லர். சொட்டுச் சொட்டாத் தண்ணி விட்டு, ஒவ்வொரு தடவையும் மோந்து பாருங்க. ‘தண்ணி கலந்தா பாவம்’னு சொல்றவனை நம்பாதீங்க. சரக்கைக் கலக்குற தொழில்காரங்களே 20 சதவீதத்துக்கு இறக்கித்தான் மோந்து பார்க்கிறாங்க. புகைவாசம் தர்ற குவையகால்ங்கிற பொருள், தண்ணி சேரும்போது மேல்மட்டத்துக்கு வருதுன்னு 2017-ல் ஸ்வீடனில் ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் கணினியில் கணக்குப் போட்டே காட்டினாங்க. 15 மில்லிக்கு 5 மில்லி தண்ணி சேர்ந்தா 40 சதவீதம் 30 ஆகுது, எனக்கு அதுவே பிடிச்ச இடம். கேன் தண்ணி போதும். போர் தண்ணியோ, வெட்டிவேர் போட்ட பானைத் தண்ணியோ வேண்டாம்.

மூணாவது கிளாஸில் கட்டாயம் ஒருத்தன் கத்துவான். “ஏல, ஆஸ்பத்திரியில கட்டுப் போடுற ரூம் வாசம்லா அடிக்கி!” சரியாத்தான் சொல்லுதான். முளைகட்டின பார்லியைப் பீட்னு ஒரு மக்கின சதுப்புமண் கட்டியை எரிச்சு, அந்தப் புகையில் உலர்த்துறாங்க. டிங்ச்சர், கடல்பாசி, கருகின கட்டை எல்லாம் அதிலிருந்து வர்றதுதான். இதைப் பிடிக்கலேன்னு சொல்றவனை விட்டுடுங்க, அவன் பங்கைக் கேட்க ஆள் உண்டு.

இடையில் கடிக்க ஆறின இட்லி, உப்பில்லாத பொரி. மூணும் முடிஞ்சு அண்ணாச்சி பேரைச் சொன்ன பிறகு கோவில்பட்டிக் கடலைமிட்டாயும், உடன்குடிக் கருப்பட்டிச் சில்லும் எடுங்க. புகைச் சரக்குக்குக் கருப்பட்டி அவ்வளவு பொருத்தம். அல்வா எனக்குச் சரிப்படலை. நெய் நாக்கில் படிஞ்சிருது. பரோட்டாவும் சால்னாவும் ஆகக் கடைசியில்.

ரெப் வேலையில் பழகின வாய், இதையும் சொல்லிடுறேன். சுகர் மாத்திரை, தூக்க மாத்திரை போடுறவன், மெட்ரோனிடசோல்ங்கிற கிருமிக்கொல்லி மாத்திரை கோர்ஸில் இருக்கிறவன் மோக்கிறதோட நிறுத்திக்கணும். 21 வயசு ஆகாத பயலுவளுக்கு அதுவும் கிடையாது.

மிச்சப் பாட்டிலை வெயில் படாம நிமிர்த்தியே வையுங்க. படுக்கப் போட்டா ஸ்பிரிட் கார்க்கைத் தின்னுரும். பாதிக்குக் கீழ இறங்கிட்டா உள்ளே இருக்கிற காத்தே வாசனையைக் கெடுக்கும், சின்னக் கண்ணாடிப் பாட்டிலுக்கு மாத்தி இறுக்க மூடிருங்க. பழைய இருமல் சிரப்பு பாட்டில் மட்டும் வேண்டாம், எத்தனை தடவை கழுவினாலும் அந்த வாசம் போகாது.